தலைக்கட்டு வரியும் ஓடிடி சந்தாவும்

போன வாரம் லீவு போட்டுட்டு திருவண்ணாமலைக்கு, வீட்டுக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை காலைல அம்மா சுட்ட மூணாவது தோசையை முழுங்கிக்கிட்டு இருக்கும்போது பேங்க்ல இருந்து ஒரு மெசேஜ். அமேசான் பிரைம் வருஷச் சந்தா 1,499 ரூபாயை நாளைக்கு என் கணக்குல இருந்து தானாவே எடுத்துக்கப் போறாங்களாம். (இப்படி முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் எடுக்கணும்னு 2021 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் வங்கி விதி. இல்லேன்னா வழக்கம்போல சத்தமில்லாம போயிருக்கும்.)

"இன்னாடா, காலங்காத்தால மூஞ்சி மாறுது?"ன்னாங்க அம்மா. விஷயத்தைச் சொன்னேன்.

"மாசத்துக்கா வருஷத்துக்கா?"

"வருஷத்துக்கும்மா. ஆனா இது ஒண்ணு மட்டும். நெட்ஃபிளிக்ஸ் தனி, ஹாட்ஸ்டார் தனி."

"நீ ஆபீஸ் உட்டு வர்றதே ஒம்போது மணிக்கு. இத்தையெல்லாம் எப்போடா பாக்குற?"

மடக்கிட்டாங்க. தப்பிக்கணுமே, நான் எதிர்த்தாக்குதல்ல இறங்கிட்டேன். "அப்போ கேபிளைக் கட் பண்ணிடலாம்மா. மாசம் 250 ரூபா மிச்சம். உன் சீரியல் எல்லாமே ஆப்லயே வருது."

அம்மா தோசைக் கரண்டியைக் கீழே வெச்சாங்க. "அத்த கட் பண்ணிட்டு நான் இன்னா பண்ணுவேன்? ஏழு மணி ஆனா எதிர் வீட்டு அக்கா வருமே, அதுக்கு இன்னா பதில் சொல்லுவேன்?"

அப்பா தவறி நாலு வருஷம் ஆச்சு. நான் சென்னைல. அந்த ஏழு மணிக்கு என்ன மதிப்புன்னு எனக்குத் தெரியாம இல்ல. ஆனாலும் பொட்டி தட்டுறவன் புத்தி எங்க போகும்? தோசையை முடிச்ச கையோட எக்செல் திறந்துட்டேன். எந்தெந்த ஆப்ல என்னென்ன பார்த்தேன்னு அதது வரலாறு வெச்சிருக்கும் இல்லையா, அதைத் தோண்டி எடுத்து ஒரு வருஷக் கணக்கு போட்டேன்:

நெட்ஃபிளிக்ஸ்: மாசம் 199, வருஷத்துக்கு 2,388 ரூபாய். பார்த்தது 38 மணி நேரம். மணிக்கு 63 ரூபாய்.

பிரைம்: 1,499 ரூபாய். பார்த்தது 71 மணி நேரம். மணிக்கு 21 ரூபாய். (பார்சல் சீக்கிரம் வர்ற லாபத்தைச் சேர்க்கல.)

ஜியோஹாட்ஸ்டார்: 899 ரூபாய். 40 மணி நேரம், முக்கால்வாசி கிரிக்கெட். மணிக்கு 22 ரூபாய் 50 காசு.

அம்மாவோட கேபிள்: 3,000 ரூபாய். ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம்னு வெச்சா 1,825 மணி நேரம். மணிக்கு 1 ரூபாய் 64 காசு.

அவ்வ்வ்வ். எதைக் கட் பண்ணணும்னு எக்செல்லே சொல்லிடுச்சு. ஆனா ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். எதிர் வீட்டு அக்காவை எந்தக் கட்டத்துல போடுறது? ரெண்டு பேர் சேர்ந்து பார்த்தா மணிக்கு 82 காசா? இல்ல அது கணக்குலயே வராதா?

இந்தக் கேள்வி ரெண்டு நாளா மண்டையைக் குடைஞ்சுது. வேடிக்கை பார்க்குறதுக்கு நம்ம ஆளுங்க இதுவரைக்கும் எப்படியெல்லாம் காசு குடுத்திருக்காங்கன்னு யோசிச்சேன். கொஞ்சம் படிச்சேன், கொஞ்சம் ஆயாவைக் கேட்டேன். அதைத்தான் இங்க கொட்டுறேன். கொசுவத்தி ரொம்ப நேரம் சுத்தும், தண்ணி குடிச்சுட்டு வந்து உக்காருங்க :-)

தலைக்கட்டு

எங்க ஆயா ஊரு செங்கம் பக்கம். திருவண்ணாமலைன்னா வெளியூர்க்காரங்களுக்கு தீபமும் கிரிவலமும்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் சுத்துப்பட்டு கிராமத்துக்குள்ள போனீங்கன்னா தெருக்கூத்து. எங்க மாவட்டம், வேலூர், காஞ்சிபுரம், விழுப்புரம், இந்தப் பக்கம் பூரா திரௌபதி அம்மன் கோயில்கள்ல பங்குனில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும் எங்கயாவது ஒரு ஊர்ல பாரதம் நடந்துக்கிட்டே இருக்கும். பகல்ல பிரசங்கியார் உக்காந்து மகாபாரதக் கதை சொல்லுவார். ராத்திரி அதே கதை கூத்தா வரும், விடிய விடிய. கடைசி நாள் காலைல மைதானத்துல துரியோதனனை மண்ணுலயே பெரிய உருவமா செஞ்சு படுக்க வெச்சு படுகளம், சாயங்காலம் தீமிதி. செய்யாறு பக்கம் இருக்குற புரிசை கிராமத்துல தலைமுறை தலைமுறையா கூத்தாடுற குடும்பமே இருக்கு. அதுல வந்த கண்ணப்ப தம்பிரான் சங்கீத நாடக அகாடமி விருது வாங்கினவர். ந. முத்துசாமி 1977ல ஆரம்பிச்ச கூத்துப்பட்டறைக்காரங்களும் அவருகிட்ட கத்துக்கிட்டாங்க.

இவ்வளவுக்கும் செலவு ஆகுமில்ல? ஜமாவுக்குக் கூலி, பிரசங்கியாருக்குச் சம்பாவனை, பந்தல், வெளிச்சம், சாப்பாடு. அதுக்கு ஊர் கூடி வரி போடும். தலைக்கட்டு வரி. தலைக்கட்டுன்னா ஆள் கணக்கு இல்ல, குடும்பக் கணக்கு. ஒரு அடுப்பு எரிஞ்சா ஒரு தலைக்கட்டு. பையனுக்குக் கல்யாணம் ஆகி தனி உலை வெச்சுட்டா அவன் தனித் தலைக்கட்டு, அவனுக்குத் தனி வரி. இது போதலைன்னா வசதி இருக்குறவங்க "இன்னிக்கு ராத்திரி கூத்து என் உபயம்"னு ஏத்துக்குவாங்க. நோட்டீஸ்ல பேர் வரும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், கூத்துக்கு வேலி கிடையாது. வரி கட்டின ரசீதைக் காட்டிட்டு உள்ள வான்னு யாரும் கேட்க மாட்டாங்க. பக்கத்து ஊர்க்காரன், பொண்ணு குடுத்த ஊர்ல இருந்து வந்த சம்பந்தி, கடைசி பஸ்ஸை விட்டவன், எல்லாரும் பாயை விரிச்சு உக்காந்துடுவாங்க. அப்புறம் எதுக்கு வரி? ஆயாகிட்ட கேட்டேன். "வரி குட்தாதான்டா ஊர்ல நம்ம பேரு இருக்கும்"னாங்க. அதாவது அந்தக் காசு பார்க்குறதுக்கு இல்ல. இந்த ஊர்ல நாங்களும் ஒரு வீடுன்னு எண்ணப்படுறதுக்கு.

ரொம்ப சிலாகிக்க வேண்டாம். எண்ணப்படாதவங்களும் இருந்தாங்க. பல ஊர்கள்ல சேரிப் பக்கத்து வீடுகள்ல வரியே வாங்க மாட்டாங்க. வாங்கினா கோயில்ல பங்கு குடுக்கணுமே! காசு குடுக்க ரெடியா இருந்தும் வாங்க மாட்டேன்னு சொல்றது எவ்வளவு பெரிய கொடுமைன்னு யோசிச்சுப் பாருங்க. இது ஏதோ பழங்கதைன்னு நினைச்சுடாதீங்க. எங்க மாவட்டத்துலயே தென்முடியனூர்ல, தலைமுறைகளா உள்ள விடாம வெச்சிருந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள்ள பட்டியலின மக்கள் போலீஸ் பாதுகாப்போட காலடி வெச்சது 2023 ஜனவரி 30ஆம் தேதி.

டிக்கெட்

இந்த இடத்துலதான் சினிமா கொட்டாய் எவ்வளவு பெரிய விஷயம்னு புரியுது. 1905ல திருச்சில ரயில்வே வேலை பார்த்துக்கிட்டு இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து படம் காட்டுற மெஷினை வாங்கி ஊர் ஊரா கூடாரம் போட்டுக் காட்டினார். 1914ல கோயம்புத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டினார். அதுல இருந்து டூரிங் டாக்கீஸ், டென்ட் கொட்டாய்னு கிராமம் வரைக்கும் வந்துடுச்சு.

ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981ல தமிழ் சினிமாவும் அரசியலும் பற்றி ஆங்கிலத்துல ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதுல ஒரு முக்கியமான விஷயம் சொல்றார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ உக்காந்து ஒரு நிகழ்ச்சியைப் பார்த்த முதல் இடம் சினிமா கொட்டகைதான். அங்க எங்க உக்காரணும்கிறதை பிறப்பு முடிவு பண்ணல, கையில இருக்குற காசு முடிவு பண்ணுச்சுன்னு. தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட். அவ்வளவுதான். நீ யாருன்னு கவுன்ட்டர்ல கேட்கல.

ஆனா டிக்கெட்டுக்கும் இன்னொரு பக்கம் இருக்கு. தலைக்கட்டு போய் தலைக் கணக்கு வந்துடுச்சு. ஆளுக்கு ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் ஒண்ணு. ஆயா வீட்ல ஏழு உருப்படி. எல்லாரும் போனா அந்த வாரம் கொழம்புல பருப்பு இருக்காதாம். அதனால முறை வெச்சுப் போவாங்களாம். கொட்டாய்ல சாமிப் பாட்டு ரெக்கார்டு போட்டா படம் ஆரம்பிக்கப் போகுதுன்னு அர்த்தம். முறை வராதவங்க வாசல்ல உக்காந்து காத்துல வர்ற வசனத்தைக் கேட்டுட்டுப் படுத்துடுவாங்களாம். கூத்துல காசில்லாதவனும் பார்த்தான். கொட்டாய்ல காசில்லாதவனுக்கு வசனம் மட்டும்தான்.

லைசென்ஸ்

இப்போ இருக்குற பசங்களுக்கு (நானும்தான்) இது தெரியாது. வீட்ல ரேடியோ வெச்சிருந்தா வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் கட்டணும். 1928லயே வந்த முறை. 70கள், 80கள்ல ரேடியோவுக்கு 15 ரூபாய், டிவிக்கு 50 ரூபாய். அதுக்குன்னு ஒரு புஸ்தகம், அதுல ஸ்டாம்ப். இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா காட்டணும். இல்லேன்னா அபராதம், பெட்டியையே தூக்கிட்டுப் போகவும் அதிகாரம் உண்டு. 1984ல இந்த லைசென்ஸை ஒழிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் வானொலிக்கும் தூர்தர்ஷனுக்கும் அரசாங்கப் பணமும் விளம்பரப் பணமும்தான். அதாவது கூத்துல வந்த உபயதாரர் திரும்பி வந்துட்டார், இந்தத் தடவை சோப்பு கம்பெனியா :-)

சென்னைத் தொலைக்காட்சி ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15. ஆனா ஆரம்பத்துல அது சென்னைக்கும் அதைச் சுத்தி இருந்தவங்களுக்கும்தான். எங்க ஊரு அங்கிருந்து கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். அப்பா சொல்லுவாரு, எங்க தெருவுக்கு டிவி வந்தப்போ ஒரே ஒரு வீடுதானாம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம். அன்னிக்கு அந்த வீட்டுத் திண்ணை, ஜன்னல், வாசப்படி எல்லாம் ஹவுஸ்ஃபுல். சில தெருக்கள்ல ஆளுக்கு நாலணா வசூல் பண்ணின வீடுகளும் உண்டாம். எங்க தெரு வீட்டுக்காரம்மா காசு வாங்கல. ஆனா பிடிக்காத வீட்டுப் பசங்களை உள்ள விடல. பழைய தலைக்கட்டுக் கதைதான், வேற உருவத்துல.

டெக்கு, கேபிள், திருட்டு விசிடி

அப்புறம் டெக்கு வந்துச்சு. ஒரு ராத்திரிக்கு கலர் டிவி, டெக்கு, மூணு கேசட் வாடகைக்கு எடுப்பாங்க. அப்பா கோஷ்டி பத்துப் பதினஞ்சு பேர், தலைக்கு அஞ்சு ரூபா போட்டு, ஒரு படம் பெரியவங்களுக்கு, ரெண்டு படம் தங்களுக்குன்னு ஓட்டுவாங்களாம். விடியறதுக்குள்ள மூணையும் பார்த்து முடிச்சாகணும். இன்னிக்கு நாம ஒரு சீசனை ஒரே ராத்திரில முடிக்கிறதைப் பெருமையா சொல்லிக்கிறோமே, அப்பா அதை 80கள்லயே பண்ணிட்டாரு. என்ன, காலைல பெட்டியைத் திருப்பிக் குடுக்கணும்கிற கட்டாயத்துல பண்ணினாரு.

1991ல வளைகுடாப் போர் சமயத்துல டிஷ் வெச்சு தெருவுக்கு வயர் இழுக்குற தொழில் பெருகுச்சு. அதே வருஷம் ஸ்டார் டிவி. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு சன் டிவி. 1995ல கேபிளுக்குன்னு தனிச் சட்டம். நான் பொறந்து விவரம் தெரியும்போது கேபிள்காரர் மாசா மாசம் வீட்டுக்கு வர்றது பால்காரர் வர்ற மாதிரி ஆகிடுச்சு. எவ்வளவு குடுக்கிறோம், எதுக்குக் குடுக்கிறோம்னு யாரும் கேட்டதில்ல. எந்த சேனலுக்கு எவ்வளவு போகுதுன்னும் தெரியாது.

அதை முதல்ல கேட்க வெச்சது சென்னைவாசிகளைத்தான். 2003 செப்டம்பர் 1ஆம் தேதி அங்க காஸ்னு ஒரு முறை வந்துச்சு. இலவச சேனல்கள் மட்டும் போதும்னா 72 ரூபாயும் வரியும். கட்டண சேனல் வேணும்னா பெட்டி வாங்கணும், சேனல் சேனலா காசு கட்டணும். நிறைய பேர் பெட்டியே வாங்காம இருக்குறதை வெச்சு ஓட்டிட்டாங்க. "இதுக்கு இந்தக் காசு தகுமா"ன்னு நம்ம மக்கள் கூட்டமா உக்காந்து யோசிச்ச முதல் சந்தர்ப்பம் இதுதான்னு நினைக்கிறேன். இதையே நாடு முழுக்க 2019 பிப்ரவரி 1ல டிராய் கொண்டு வந்தாங்க. 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130, ஜிஎஸ்டியோட 153 ரூபாய் 40 காசு. அதுக்கு மேல ஒவ்வொரு சேனலுக்கும் விலைப்பட்டியல். அந்த மாசம் அம்மாவும் நானும் போன்ல ஒரு மணி நேரம் பேசிப் பட்டியல் போட்டோம். கடைசில கேபிள்காரர் குடுத்த பேக்கேயே எடுத்துக்கிட்டோம். :-(

நடுவுல திருட்டு விசிடியைச் சொல்லாம விட்டா வரலாறு மன்னிக்காது. பஸ் ஸ்டாண்டு பக்கம் தார்ப்பாய்ல பரப்பி வெச்சிருப்பாங்க. 2004ல தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருடர்களையும் அதுக்குள்ள கொண்டு வந்துச்சு. அப்பவும் முழுசா நிக்கல. காசு குடுக்க மனசில்லாதவங்க மட்டும் வாங்கலைங்க. படம் ரிலீசான வாரம் நாலு பேரைக் கூட்டிட்டு தியேட்டர் போக முடியாத வீடுகள் எத்தனையோ இருந்துச்சு. நான் நியாயப்படுத்தல, நடந்ததைச் சொல்றேன்.

இலவச டிவி, எழுபது ரூபா

2006 தேர்தல்ல திமுக சொன்ன இலவச கலர் டிவி ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள்ல கொடுக்க ஆரம்பிச்சாங்க. மொத்தம் ஒன்றரைக் கோடிக்கும் மேல குடுத்தாங்க. இதை எதிர்த்துப் போன வழக்குல, 2013 ஜூலைல உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கைல இப்படி வாக்குறுதி குடுக்குறது ஊழல் குற்றம் ஆகாதுன்னு சொல்லி, ஆனா தேர்தல் ஆணையம் இதுக்கு விதிமுறை வகுக்கணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. நல்லதா கெட்டதான்னு அரசியல் சண்டை போட நிறைய பேர் இருக்காங்க, நான் வரல. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ஆயா ஊர்ல அந்தப் பெட்டி வந்ததுக்கு அப்புறம் அடுத்த வீட்டு ஜன்னல்ல எந்தப் பசங்களும் தொங்கல. "உள்ள வராதே"ன்னு சொல்ற அதிகாரம் அந்த வீடுகளுக்குப் போயிடுச்சு. அது சின்ன விஷயம் இல்ல.

பெட்டி சும்மா வந்துச்சு, வயருக்கு மாசக் காசு. அதுக்குத்தான் அரசு கேபிள். 2007ல திமுக ஆட்சில ஆரம்பிச்சு முடங்கிப் போனதை 2011 செப்டம்பர்ல ஜெயலலிதா திரும்ப ஓட விட்டாங்க. மாசம் 70 ரூபாய். அதுல ஆபரேட்டர் அரசுக்குக் கட்ட வேண்டியது 20 ரூபாய். அப்போ நான் ஒம்போதாவது. இங்கயும் தலைக்கட்டுதான் பாருங்க. ஒரு வீடு, ஒரு வயர், வீட்ல எத்தனை பேர் பார்த்தாலும் 70.

இனி சந்தா காலம்

இப்போ நான் மாட்டிக்கிட்ட கதைக்கு வரேன். வீட்டுக்குள்ள நேரா புதுப்படம் காட்டுறதுக்கு முதல்ல துணிஞ்சவர் கமல். 2013 ஜனவரில விஸ்வரூபத்தை தியேட்டருக்கு முந்தின ராத்திரி டிடிஎச்ல காட்ட 1,000 ரூபாய்னு அறிவிச்சார். தியேட்டர்காரங்க எதிர்ப்புல அது நடக்கல. அப்புறம் தடை, வழக்குன்னு போய் தமிழ்நாட்டுல பிப்ரவரி 7தான் படமே வந்துச்சு. மாசம் 70 ரூபா கேபிள் பார்த்துக்கிட்டு இருந்த எங்க தெருவுல அந்த ஆயிரத்தைக் கேட்டு சிரிச்சாங்க. "பத்து வீடு சேர்ந்து போட்டா தலைக்கட்டுக்கு நூறுதானே"ன்னு அப்பா மட்டும் சீரியஸா சொன்னாரு. டெக்கு காலத்து மூளை! 2015ல சேரன் சி2எச்னு, புதுப்பட டிவிடியை 50 ரூபாய்க்கு வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்குற திட்டம் ஆரம்பிச்சார். அதுவும் நிலைக்கல.

2016 ஜனவரி 6ல நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தப்போ குறைஞ்ச திட்டமே மாசம் 500 ரூபாய். செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டாவை தண்ணியா ஓட விட்டுச்சு. டிசம்பர்ல பிரைம் வீடியோ, அறிமுக விலை வருஷத்துக்கே 499. 2020ல கொரோனா. மே 29ல பொன்மகள் வந்தாள், நவம்பர் 12ல சூரரைப் போற்று, நேரா வீட்டுக்கே வந்துச்சு.

அதே நவம்பர் 29ஆம் தேதி எங்க ஊர்ல கார்த்திகை தீபம். லட்சக்கணக்குல ஜனம் வர்ற நாள். அன்னிக்கு வெளியூர் ஆளுங்களுக்கு அனுமதி இல்ல, கிரிவலம் இல்ல, தெரு வெறிச்சுன்னு கிடந்துச்சு. கோயிலுக்குள்ள நடக்கிறதை டிவில பார்த்தோம். ஆறு மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் வெளிய வந்தாரு, மலை மேல ஏத்திட்டாங்கன்னு டிவில சொன்ன நொடி, அம்மா, அப்பா, நான் மூணு பேரும் மொட்டை மாடிக்கு ஓடினோம். எல்லா மாடிலயும் ஆளுங்க. அப்பா பார்த்த கடைசி தீபங்கள்ல அது ஒண்ணு. அதுக்கு யாரும் சந்தா கேட்கல.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2021 டிசம்பர்ல நெட்ஃபிளிக்ஸ் 499 ரூபாய் திட்டத்தை 199 ஆக்குச்சு. அதே மாசம் பிரைம் 999ல இருந்து 1,499 ஆச்சு. 2023 ஜூலைல நெட்ஃபிளிக்ஸ், பாஸ்வேர்டை வெளிய குடுக்காதே, ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான்னு சொல்லிடுச்சு. 2025 பிப்ரவரில ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒண்ணாச்சு. 2025 ஜூன்ல பிரைம் படத்துக்கு நடுவுல விளம்பரம் போட ஆரம்பிச்சுது, விளம்பரம் வேண்டாம்னா வருஷத்துக்கு இன்னும் 699. சந்தாவும் வாங்கி உபயதாரரையும் உள்ள விட்ட முதல் கூத்து இது இல்ல. கேபிள்ல இதைப் பல வருஷமா பார்த்தாச்சு.

அந்தப் பாஸ்வேர்டு விஷயத்தைக் கவனிச்சீங்களா? ஒரு கூரைக்குக் கீழ இருக்குறவங்கதான் ஒரு வீடு, தனியா போயிட்டா தனிக் கணக்கு. அமெரிக்காக்காரன் பல கோடி டாலர் செலவழிச்சுக் கண்டுபிடிச்சது, செங்கம் பக்கம் ஊர்ப் பெரியவங்க வரி நோட்டுல எழுதி வெச்சிருந்த அதே விதி. ஒரே வித்தியாசம், அங்க வரி கட்டாதவனும் கூத்து பார்க்கலாம்.

சரி, என்ன முடிவு பண்ணினேன்?

திரும்ப எக்செல்லைத் திறந்தேன். இந்தத் தடவை மணி நேரத்துக்குப் பக்கத்துல "கூட யாரு"ன்னு ஒரு கட்டம் போட்டேன். நெட்ஃபிளிக்ஸ்ல பார்த்த 38 மணி நேரமும் தனியா, படுத்துக்கிட்டு, பாதி தூக்கத்துல. அதுலயும் 30 மணி நேரம் மூணே மாசத்துல வந்திருக்கு. மத்த ஒம்போது மாசம் தண்டம். பிரைம் ஒம்போது மாசம் ஓடியிருக்கு, அதுல ஊருக்கு வந்தப்போ அம்மாவும் எதிர் வீட்டு அக்காவும் கூட உக்காந்து பார்த்த படங்கள் ஆறு. ஹாட்ஸ்டார்ல ஐபிஎல் முடிஞ்சதும் எட்டிக்கூடப் பார்க்கல.

அதனால பிரைம் இருக்கட்டும். மாசச் சந்தா 299ன்னா, அஞ்சு மாசத்துக்கே 1,495 ஆகிடும். வருஷத்துல அஞ்சு மாசத்துக்கு மேல பார்க்குறவங்களுக்கு 1,499 நஷ்டம் இல்ல. நெட்ஃபிளிக்ஸ் தானா புதுப்பிக்கிறதை நிறுத்தியாச்சு, வேணும்கிற மூணு மாசம் மட்டும், 597 ரூபாய். ஹாட்ஸ்டார் மூணு மாசத்துக்கு மட்டும், 2025ல பார்த்தப்போ அது 299. மொத்தம் 2,395. முன்னாடி 4,786. மிச்சம் 2,391 ரூபாய், அம்மாவோட கேபிளுக்கு ஒம்போது மாசக் காசு.

கேரளா அரசு 2024 மார்ச்ல சிஸ்பேஸ்னு சொந்தமா ஒரு ஓடிடி ஆரம்பிச்சாங்க. சந்தா கிடையாது, ஒரு படத்துக்கு 75 ரூபாய், பார்த்தா மட்டும் குடு. என்னை மாதிரி வருஷத்துக்கு நாலு படம் பார்க்குறவனுக்கு அதுதான் நியாயமான வழின்னு தோணுது. அரசு கேபிள் நடத்தின ஊரு, நாமளும் யோசிக்கலாம்.

கேபிள்? அதை நான் தொடல. எதிர் வீட்டு அக்கா வீட்லயும் டிவி இருக்குதுங்க, அரசு இலவசமா குடுத்த பெட்டி இல்ல, நல்ல பெரிய டிவி. ஆனாலும் ஏழு மணிக்கு வருவாங்க. ரெண்டு பேரும் சீரியல் மாமியாரைத் திட்டிக்கிட்டே வெங்காயம் உரிப்பாங்க. அந்த 250 ரூபாயைச் சீரியலுக்குன்னு நான் இத்தனை நாள் தப்பா எழுதி வெச்சிருந்தேன்.

கிளம்புற அன்னிக்கு அம்மா பீரோல இருந்து 1,000 ரூபாய் எடுத்து ஒரு கவர்ல போட்டாங்க. "ஆயா ஊர்ல பாரதம் வெக்கிறாங்களாம், வரி. போற வழில குட்துட்டுப் போ."

"நாமதான் அங்க இல்லியேம்மா?"

"இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா. நம்ம பேரு நோட்டுல இருக்குது. ஒனக்குக் கல்யாணம் ஆனா நீ தனியா குடு."

நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி நான் 2023லயே தனித் தலைக்கட்டு. ஊர்க் கணக்குப்படி இன்னும் அம்மா நோட்டுலதான் இருக்கேன். இப்போதைக்கு ஊர்க் கணக்கே பிடிச்சிருக்கு :-)

டிஸ்கி 1: மேல சொன்ன மணிக்கணக்கு என் சொந்தக் கணக்கு. உங்க வீட்டுக் கணக்கு வேற வரும். ஒரு தடவை போட்டுப் பாருங்க, மறக்காம "கூட யாரு" கட்டத்தையும் போடுங்க.

டிஸ்கி 2: உங்க ஊர்ல டெக்கு வாடகை எவ்வளவு, டிவி பார்க்க நாலணா வாங்கின வீடு உண்டான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. மதுரை, நெல்லைப் பக்கத்துல தலைக்கட்டு வரி எப்படின்னும் தெரிஞ்சுக்க ஆசை.